தண்ணீரா, காற்றா: சத்தமில்லாத கம்ப்யூட்டருக்கு ஒரு கணக்கு

சென்னையில் வீட்டிலிருந்தே குரல் பதிவு செய்பவர்களுக்கு ஒரு சடங்கு உண்டு. ஏசியை அணைக்க வேண்டும், சீலிங் ஃபேனை நிறுத்த வேண்டும், ஜன்னலைச் சாத்த வேண்டும், சமையலறையில் குக்கர் எப்போது விசில் அடிக்கும் என்று கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும். இத்தனையும் செய்துவிட்டு மைக்கைத் திறந்தால், மேஜைக்கடியில் ஒன்று மட்டும் முனகிக்கொண்டே இருக்கும். ஒலிக்கலவை, படத்தொகுப்பு இரண்டையும் ஒரே இயந்திரத்தில் செய்கிறவன் நான். அந்த முனகலோடு ஐந்து வருடம் ஓட்டிவிட்டேன்.

இப்போது இயந்திரத்தை மாற்றும் நேரம். பிராசஸர் ரைசன் 9 9950எக்ஸ், கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 5080 என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. அந்த பிராசஸர் முழுமூச்சில் ஓடினால் 230 வாட் வரை இழுக்கும், கார்டு 360 வாட். இரண்டையும் சேர்த்தால் ஏறத்தாழ 600 வாட் வெப்பம். இஸ்திரிப் பெட்டியின் பாதியை மேஜைக்கடியில் வைத்துக்கொள்வதுபோல. இதைச் சத்தமில்லாமல் எப்படி வெளியேற்றுவது? பார்க்கிறவர்கள் எல்லாரும் ‘கஸ்டம் லூப் போட்டுடு, தண்ணியில ஓடினா சத்தமே வராது’ என்கிறார்கள். அப்படித்தானா என்று ஒரு மாதம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். (கஸ்டம் லூப் என்றால் பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி நாமே கட்டும் தண்ணீர்க் கூலர்.)

கணக்குக்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். கையில் இருக்கும் பழைய இயந்திரத்தில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று, ஃபேன்களை மென்பொருள் வழியே ஒவ்வொன்றாகச் சில நொடிகள் நிறுத்திக் கேட்டேன். எல்லா ஃபேனையும் நிறுத்தியும் முனகல் நிற்கவில்லை. குற்றவாளி, கேபினட்டின் தகரத்தோடு திருகி வைத்திருந்த 4 டெராபைட் ஹார்டு டிஸ்க். அதன் அதிர்வைத் தகரம் வாங்கி, மேளம்போலப் பெருக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு எழுபதாயிரம் செலவழித்திருந்தாலும் அது அப்படியே முனகியிருக்கும். ஹார்டு டிஸ்க் இப்போது ஹாலில், ரூட்டருக்குப் பக்கத்தில், நெட்வொர்க் பெட்டிக்குள் இருக்கிறது.

இரண்டாவதாகத் தெரிந்தது இன்னும் சங்கடமானது. குரல் பதிவின்போது பிராசஸரும் கார்டும் ஏறக்குறைய சும்மாதான் இருக்கின்றன. அந்த நேரத்தில் எந்தக் கூலரும் அமைதியாகத்தான் இருக்கும். என்னுடைய உண்மையான தொல்லை பதிவின்போது இல்லை. பின்னணியில் படம் ரெண்டர் ஆகும்போது, அதாவது தொகுத்தது முழுக் கோப்பாக மாறும்போது, முன்னால் உட்கார்ந்து மெல்லிய ஒலிகளைக் கலப்பதுதான் தொல்லை. அப்போது கார்டின் ஃபேன்கள் ஏறி இறங்கி, நான் ரிவெர்ப் வால் (எதிரொலியின் கடைசி இழை) என்று நினைத்தது ஃபேனாக இருக்கும். ஆக எனக்கு வேண்டியது பாரம் ஏறினாலும் ஏறாத சத்தம். இதைப் பிரித்துப் பார்க்காமல் கூலர் வாங்கப் போகாதீர்கள்.

இனி கணக்கு. ஃபேன் சத்தத்துக்கு இரண்டே விதிகளை நினைவில் வைத்தால் போதும். ஒரே மாதிரி ஃபேன்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் சத்தம் 3 டெசிபெல் கூடும். வேகத்தைப் பாதியாக்கினால் சுமார் 15 டெசிபெல் குறையும். பத்து டெசிபெல் குறைந்தாலே காதுக்குப் பாதியானதுபோலத் தோன்றும். அதனால் நிமிடத்துக்கு 1600 சுற்றில் ஓடும் மூன்று ஃபேனைவிட, 800 சுற்றில் ஓடும் ஆறு ஃபேன் 12 டெசிபெல் அமைதி. சத்தமில்லாத கம்ப்யூட்டர் என்ற கலை முழுவதும் இதற்குள் அடங்கிவிடும்: பரப்பைக் கூட்டு, வேகத்தைக் குறை.

அப்படியானால் தண்ணீர் எதற்கு? தண்ணீர் வெப்பத்தை ‘அழிப்பதில்லை’. அது ஒரு சுமைதூக்கி. விரல்நகம் அளவு சிப்பில் பிறக்கும் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போய், பெரிய பரப்புள்ள ரேடியேட்டரில் இறக்கிவைக்கிறது. அங்கிருந்து அதைத் துரத்துவது பழையபடி ஃபேனும் காற்றும்தான். அந்தக் காற்று உங்கள் அறைக்குள்தான் வரும். 500 வாட் என்பது ஒரு டன் ஏசியின் திறனில் ஏழில் ஒரு பங்கு. எந்தக் கூலர் போட்டாலும் ஏசி மேல் விழும் இந்தப் பாரம் மாறாது. தண்ணீர் போட்டால் அறை குளிராக இருக்கும் என்று நினைப்பவர்களை நான் கடையிலேயே பார்த்திருக்கிறேன்.

காசு செலவில்லாத வழியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் யாரும் அதிலிருந்து தொடங்குவதில்லை. வாட்டைக் குறைப்பது. 9950எக்ஸை பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) ‘ஈகோ மோட்’ 105 வாட் அமைப்புக்கு மாற்றினால், அது இழுக்கும் உச்ச அளவு 230-லிருந்து 142 வாட்டாக இறங்கும். கார்டுக்கும் மின் வரம்பை 280 வாட் பக்கம் இறக்கி வைக்கலாம். இந்தக் கடைசி வாட்டுகள் எல்லாம் கடைசி சில சதவீத வேகத்துக்காக எரிபவை. என் பழைய கார்டில் மின் வரம்பை எண்பது சதவீதமாக்கியபோது, இருபது நிமிட ஏற்றுமதி இருபத்தொரு நிமிடமானது. அந்த ஒரு நிமிடத்தில் காபிகூட ஆறாது. 600 வாட் 420 ஆகிவிட்டால் கீழே சொல்லப்போகும் எல்லா வழிகளுமே எளிதாகிவிடும்.

இன்னொரு மலிவான வழி, கேபினட்டையே அடுத்த அறையில் வைத்துவிடுவது. ஒளியிழை எச்டிஎம்ஐ கேபிள் பதினைந்து மீட்டர் சாதாரணமாகப் போகும். யுஎஸ்பிதான் மூன்று மீட்டரைத் தாண்டினால் முரண்டு பிடிக்கும், அதற்குத் தனியாக ஆக்டிவ் கேபிள் வேண்டும். சொந்த வீடு என்றால் யோசிக்காமல் இதையே செய்வேன். வாடகை வீட்டில் சுவரில் துளை போட ஹவுஸ் ஓனரிடம் கேட்பதற்குக் கஸ்டம் லூப் கட்டுவது சுலபம். அடுத்த அறையில் அம்மா பகலில் தூங்குகிறார் என்பது தனிக்கதை.

சரி, கூலர்கள்.

காற்று. நாக்டுவாவின் என்எச்-டி15 2014-இல் வந்தது. இன்றும் அளவுகோலாக அதைத்தான் வைத்துப் பேசுகிறார்கள். ஆறு ஹீட்பைப் (வெப்பத்தைக் கடத்தும் குழாய்), இரண்டு பெரிய ஃபேன், ஃபேனோடு சேர்த்து 1.3 கிலோ எடை, 165 மில்லிமீட்டர் உயரம். முழு வேகமே 1500 சுற்றுதான், அதில் 24.6 டெசிபெல் என்கிறது நிறுவனம். கெட்டுப்போக உள்ளே என்ன இருக்கிறது? இரண்டு ஃபேன். அதைக் கழற்றி வேறு போட்டால் தீர்ந்தது. பம்ப் இல்லை, டியூப் இல்லை, இரவில் எழுந்து டார்ச் அடித்துச் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. 142 வாட் பிராசஸருக்கு இது தாராளம். குறை என்றால், மதர்போர்டில் பாதியை மறைத்துக்கொண்டு உட்காரும். கேபினட்டின் அகலத்தை அளக்காமல் வாங்கினால் பக்கக் கதவு மூடாது.

ஏஐஓ. பம்ப், டியூப், ரேடியேட்டர் எல்லாம் தொழிற்சாலையிலேயே அடைத்து வரும் தண்ணீர்க் கூலர். ரிச்சி தெருவில் கூலர் கேட்டால் முதலில் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், நடுவில் பளபளக்கும் திரையோடு. அமைதியை மட்டும் குறியாக வைத்தால், மூன்றில் எனக்கு மிகக் குறைவாகப் பிடித்தது இதுதான். காரணம் பம்ப். மூடிய கேபினட்டில் உங்களுக்கு ஒரு முழ தூரத்தில் நிமிடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் சுற்று ஓடுகிற சின்ன மோட்டார் ஒன்று எப்போதும் இருக்கும். ஃபேனின் இரைச்சல் காற்றோசை, காது அதைப் பழகிக்கொள்ளும். பம்பின் சத்தம் ஒரே சுருதி, பழகாது. தம்பூரா சுருதி விலகினால் எப்படி இருக்குமோ அப்படி. அதோடு ரேடியேட்டர்கள் பெரும்பாலும் அலுமினியம், பிராசஸர் பக்கம் செம்பு. உள்ளே இருக்கும் திரவத்திலுள்ள அரிப்புத் தடுப்பான்தான் இரண்டுக்கும் நடுவே சமாதானம் செய்கிறது. திரவமோ டியூப் சுவர் வழியே வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும், பெரும்பாலானவற்றில் மீண்டும் நிரப்ப வழி இருக்காது.

நியாயமும் சொல்ல வேண்டும். ஆர்க்டிக்கின் லிக்விட் ஃப்ரீசர் 3, 38 மில்லிமீட்டர் தடிமனான ரேடியேட்டரோடும் ஆறு வருட உத்தரவாதத்தோடும் வருகிறது. பிராசஸரை 230 வாட்டில் முழு நாளும் ஓட்ட வேண்டியவர்கள் காற்றைவிட இதை வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள்: ரேடியேட்டரின் உச்சி பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே சேரும் காற்றுக்குமிழி பம்புக்குள் போய்க் களகளக்கும்.

ஆனால் என் விஷயத்தில் ஏஐஓ தவறான கேள்விக்குச் சரியான விடை. அது பிராசஸரைத்தான் குளிர்விக்கிறது. என் சத்தம் வருவது கார்டிலிருந்து.

கஸ்டம் லூப் பற்றிப் பலரும் தலைகீழாகப் புரிந்துவைத்திருப்பதும் இந்த இடத்தில்தான். 9950எக்ஸின் உள்ளே வேலை செய்யும் சிப்லெட்டுகள், அதாவது குட்டிச் சிப்புகள், இரண்டு, ஒவ்வொன்றும் சுமார் 70 சதுர மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கும். அவ்வளவு சின்ன இடத்தில் நூறு வாட் பிறக்கும்போது, அது உலோக மூடியைத் தாண்டி வெளியே வருவதற்குள்ளேயே சூடேறிவிடுகிறது. மூடிக்கு மேலே என்எச்-டி15 இருந்தாலும் ஒரு லட்ச ரூபாய் லூப் இருந்தாலும், வித்தியாசம் சில டிகிரிதான். கார்டு அப்படி இல்லை. 5080-இன் சிப் 378 சதுர மில்லிமீட்டர், மேலே மூடியும் கிடையாது, வாட்டர் பிளாக், அதாவது உள்ளே தண்ணீர் ஓடும் உலோகக் கட்டி, நேராகச் சிப்பின் மேல் உட்காரும். நல்ல பிளாக் போட்டால் 300 வாட்டிலும் சிப் தண்ணீரைவிடப் பத்துப் பதினைந்து டிகிரிதான் மேலே நிற்கும். தண்ணீரின் பலன் முழுதாகக் கிடைப்பது கார்டில். அதற்குப் போடாமல் பிராசஸருக்கு மட்டும் லூப் கட்டுவது, தலைவலிக்கு முழங்காலில் தைலம் தேய்ப்பதுபோல.

லூப்பின் இன்னொரு பலன் அதிகம் பேசப்படுவதில்லை, எனக்கு அதுதான் மயக்கம். தண்ணீருக்கு அவசரம் கிடையாது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4186 ஜூல் வேண்டும். 400 வாட் பாரம் திடீரென்று விழுந்தாலும், தண்ணீர் ஒரு டிகிரி ஏறப் பத்து நொடி ஆகும். ஃபேன் வேகத்தைச் சிப்பின் வெப்பத்தைப் பார்த்து ஓட்டாமல் தண்ணீரின் வெப்பத்தைப் பார்த்து ஓட்டினால், அந்த ஏறி இறங்கும் இரைச்சல் செத்தே போய்விடும். அரை நிமிட ரெண்டருக்கு ஃபேன் அசைந்தே கொடுக்காது. இதற்கு வேண்டியது லூப்பில் ஒரு சென்சாரும், அதைப் படிக்கத் தெரிந்த மதர்போர்டும் அல்லது தனிக் கட்டுப்பாட்டுப் பலகையும். லூப் கட்டிவிட்டு ஃபேன்களைப் பழையபடி பிராசஸர் வெப்பத்தோடு கட்டிவைப்பவர்கள் பாதிக் காசை விட்டெறிகிறார்கள்.

எவ்வளவு ரேடியேட்டர் வேண்டும்? பொதுவாக ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் பூட்டும் இடத்துக்கு நூறு வாட் என்பார்கள். அது ஃபேன் வேகமாக ஓடினால். 800 சுற்றுக்குக் கீழே ஓட்டி, தண்ணீர் அறையைவிடப் பத்து டிகிரிக்குள் இருக்க வேண்டுமென்றால், அறுபது எழுபது வாட் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. 420 வாட்டுக்கு ஆறேழு இடம், அதாவது மூன்று மூன்று ஃபேன் பூட்டும் இரண்டு 360 ரேடியேட்டர். ஒன்பது 140 மில்லிமீட்டர் ஃபேன் பூட்டும் மோ-ரா 420 என்ற ஜெர்மன் ராட்சசன் ஒன்றும் உண்டு, கேபினட்டுக்கு வெளியே தனியாக நிற்கும். அதை ஏசி குழாய்த் துளை வழியே பால்கனியில் வைத்துவிட்டால் என்ன என்று ஒரு இரவு முழுக்கத் தூங்காமல் யோசித்தேன். காலையில் மே மாதம் நினைவுக்கு வந்தது. கத்திரி வெயிலில் அறைக்குள் 30 டிகிரி, பால்கனியில் 40. ரேடியேட்டரைக் குளிருக்குள் வைப்பார்களா, வெயிலில் வைப்பார்களா?

வெயில் பற்றிப் பேச்சு வந்ததால்: இணையத்தில் கிடைக்கும் சோதனை எண்கள் பெரும்பாலும் இருபது இருபத்தொரு டிகிரி அறையில் எடுத்தவை. ஏசி இல்லாத நம் அறை 34 என்றால் எல்லா எண்ணிலும் பதின்மூன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் 44 ஆகும், கார்டு 60 பக்கம் போகும். அதனால் லூப்புக்கு ஆபத்தில்லை. டி5 வகைப் பம்புகளுக்குத் திரவம் 60 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால் போதும். ஆனால் காற்றில் ஓடும் கார்டு அதே அறையில் தன் ஃபேனை விரட்ட ஆரம்பித்துவிடும். தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள இடைவெளி நம் ஊரில் இன்னும் கொஞ்சம் பெரிது.

இனி தண்ணீரின் வில்லங்கங்கள். காசு முதலில். பம்ப், ரிசர்வாயர் (தண்ணீர்த் தொட்டி), இரண்டு ரேடியேட்டர், பிளாக், ஃபிட்டிங், ஃபேன் என்று எழுதிய என் பட்டியல் எழுபதாயிரத்தைத் தாண்டியது. டியூபைப் பாகங்களோடு இணைக்கும் ஃபிட்டிங் பார்க்கப் பத்து ரூபாய் நட்டு மாதிரி இருக்கும், விலையைக் கேட்டால் வெள்ளிக்கடையோ என்று தோன்றும். அடுத்தது, கார்டு பிளாக் அந்த மாடல் கார்டின் பலகைக்கென்றே கடைந்தது. கார்டை மாற்றினால் பிளாக் பேப்பர்வெயிட். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கார்டு மாற்றுகிறவர்கள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். பிளாக் போட கார்டின் கூலரைக் கழற்ற வேண்டும், அப்போது உத்தரவாதம் என்னாகும் என்பதை வாங்கும் முன் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

கசிவு. 2004-இல் ஆப்பிள், பவர் மேக் ஜி5 இயந்திரத்தில் திரவக் கூலரை வைத்தே விற்றது. சில வருடம் கழித்து அவற்றில் சில ஒழுகின. பெரிய நிறுவனம் கட்டினாலும் ஒழுகக்கூடியதுதான் என்பதற்காகச் சொல்கிறேன், பயமுறுத்த இல்லை. ஒரு நண்பனின் லூப்பைக் கட்ட உதவப் போனபோது, தண்ணீர் ஊற்றும் முன் கைப்பம்பால் அரை பார் காற்றழுத்தம் ஏற்றி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கால் மணி நேரத்தில் முள் மெல்ல இறங்கியது. ஒரு ஃபிட்டிங்கில் ரப்பர் வளையம் மடிந்து உட்கார்ந்திருந்தது. அந்தச் சோதனைக் கருவி இல்லாமல் இருந்தால், மடிந்தது தெரிந்திருப்பது மதர்போர்டு நனைந்த பிறகு. பட்டியலில் எதை வெட்டினாலும் அதை மட்டும் வெட்டாதீர்கள்.

ஊற்றுவது என்ன? நம் வீட்டில் உடனே தோன்றுவது கேன் தண்ணீர். கூடாது. ஆர்ஓ தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும். பேட்டரி கடையில் கிடைக்கும் தண்ணீர் பரவாயில்லை, ஆனால் அரிப்புத் தடுப்பானும் பாசிக்கொல்லியும் சேர்க்காமல் அதையும் தனியாக ஊற்றக்கூடாது. கலந்தே வரும் நிறமற்ற கூலன்ட் வாங்குவது உத்தமம். பால்போல வெளுத்த, மினுமினுக்கும் வண்ணங்கள் பிளாக்கின் நுண்ணிய பள்ளங்களில் படிந்து அடைத்துக்கொள்ளும். ஒரே லூப்பில் செம்பும் அலுமினியமும் கலக்கக்கூடாது. டியூப் விஷயத்தில் கண்ணாடிபோல வளைத்துப் போடும் குழாய்கள் படத்துக்கு அழகு. நான் கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் டியூப் பக்கம். அசிங்கம்தான், ஆனால் வெட்டிச் சொருகி இறுக்கினால் முடிந்தது. ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது அதன் அருமை தெரியும். லூப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் வால்வு வைக்க மறந்தவர்கள், கேபினட்டைக் குழந்தையைப்போல் தூக்கிக் குளியலறையில் கவிழ்ப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இத்தனையும் வைத்து என் முடிவு, யாரும் சொல்லாத நடுவழி. பிராசஸருக்குக் காற்று: 142 வாட்டில் என்எச்-டி15. கார்டுக்கு மட்டும் தண்ணீர்: 280 வாட்டுக்கு இரண்டு 360 ரேடியேட்டர், ஒரு டி5 பம்ப் குறைந்த வேகத்தில், பஞ்சு மெத்தை மேல். ஒரு ஃபேன் இடத்துக்கு ஐம்பது வாட்கூட வராது, ஃபேன்கள் 600 சுற்றைத் தாண்ட வேண்டிய தேவையே இருக்காது. பிராசஸர் பிளாக் இல்லாததால் இரண்டு ஃபிட்டிங்கும் அவற்றின் இரண்டு கசிவு வாய்ப்பும் மிச்சம். என்றைக்காவது லூப்பைப் பிரித்துப் போட்டாலும், பிராசஸரின் உள் கிராஃபிக்ஸில் கம்ப்யூட்டர் ஓடும், ஒலி வேலை நிற்காது. கெடு தேதி வைத்து வேலை செய்கிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை. முன்பக்க ரேடியேட்டர் வழியே வரும் காற்று கொஞ்சம் சூடாகவே டி15-க்குப் போகும், ஒப்புக்கொள்கிறேன். 95 டிகிரி வரை தாங்கும் பிராசஸருக்கு அது பொருட்டில்லை.

உங்கள் கார்டு 200 வாட் வகை என்றால், ஆர்டிஎக்ஸ் 4070 போல, இதில் எதுவும் வேண்டாம். மின் வரம்பைக் குறைத்து, காற்றோட்டமான பெரிய கேபினட்டில் மூன்று நல்ல ஃபேன் போடுங்கள். மிச்சக் காசில் அறைக்கு ஒலித்தடுப்பு செய்யலாம், மைக்கில் அதன் பலன்தான் அதிகம் தெரியும்.

வாங்கும் வரிசையும் முக்கியம். முதலில் கார்டு மட்டும், அதன் சொந்தக் கூலரோடு. ஏனென்றால் காயில் வைன் என்று ஒன்று இருக்கிறது. கார்டிலிருக்கும் மின்சுருள்கள் பாரத்தில் அதிர்ந்து எழுப்பும் கீச்சுக் குரல். அதைத் தண்ணீர் தீர்க்காது. ஃபேன் இரைச்சல் போனபின் இன்னும் துல்லியமாகக் கேட்கும். ஒரே மாடலில் ஒரு கார்டு கீச்சிடும், இன்னொன்று கீச்சிடாது. அதனால் இரண்டு வாரம் ரெண்டர் ஓட்டி, நடுநடுவே ஃபேன்களைச் சில நொடி நிறுத்தி, காதை வைத்துக் கேட்கப்போகிறேன். கீச்சிட்டால் மாற்றிக் கொடுப்பீர்களா என்று கடைக்காரரிடம் கேட்டேன். ‘ஃபேன் ஓடினா அது கேக்காதே சார்’ என்றார். பில் இன்னும் போடவில்லை.